நாலடித் தொட்டியில் ஓரா மீன் வளர்க்கலாமா? பாசித் தொல்லை தாங்கவில்லை

கல்லடிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 255 லீற்றர், கல்லும் மணலும் போனால் 210 தேறும். பதினான்கு மாதமாக ஓடுகிறது. உள்ளே இரண்டு க்ளவுன் மீன், ஒரு நீல டாம்சல் மீன், ஒரு இறால், நாலைந்து நத்தை.

பிரச்சினை பாசிதான். முதலில் தலைமயிர் மாதிரிப் பச்சையாக வந்தது, கையால் பிடுங்கியே நகம் தேய்ந்தது. இப்போது கல் இடுக்கெல்லாம் பச்சை முத்துக் கோத்த மாதிரி இன்னொரு வகை. அதை நசுக்கினால் இன்னும் பரவும் என்று இங்கேதான் வாசித்தேன்.

மாமா மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். போன ஞாயிறு முகத்துவாரத்துக்குக் கிட்ட, கடற்புல் பக்கம் வீசியதில் இரண்டு அங்குல ஓராக்குஞ்சு ஏழெட்டு வந்தது. வாளியில் விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வாளிச் சுவரில் படிந்திருந்த பாசியைக் குனிந்து குனிந்து கொறிக்கத் தொடங்கிவிட்டன. பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டோம், ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது. கொழும்புக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று ஃபாக்ஸ்ஃபேஸ் என்று வைத்திருந்தார்கள், அதுவும் ஓரா இனம்தானாம், விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நம் வாவி ஓராவையே வளர்க்க முடியாதா? முள்ளில் விஷம் என்கிறார்களே, மற்ற மீன்களுக்கு ஏதும் ஆகுமா?

மருதமுனை நானா:
தம்பி, தொட்டிக்குத்தானே கேட்கிறீர்? ஓரா என்றதும் எனக்கு முதலில் வந்தது பால் சொதி ஞாபகம், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓரா என்பது ஒரு மீன் இல்லை, சிகானஸ் என்கிற பேரினம் முழுவதற்கும் நாம் வைத்த பேர். யாழ்ப்பாணத்தார் ஒட்டி, ஓரா என்று பிரித்துச் சொல்வார்கள், நம் பக்கம் எல்லாம் ஓராதான். வாவியில் குஞ்சாக அகப்படுவது பெரும்பாலும் சிகானஸ் கனாலிகுலாட்டஸ் அல்லது சிகானஸ் ஜாவஸ். குஞ்சில் இரண்டையும் பிரிப்பது சரியான கஷ்டம், இரண்டும் மண் நிறத்தில் வெள்ளைப் பொட்டோடு இருக்கும். வளர்ந்த பிறகு ஜாவஸுக்கு மேல்பாதி பொட்டாகவும் கீழ்ப்பாதி நெளிநெளிக் கோடாகவும் மாறும். பிரிக்க வேண்டிய காரணம் இதுதான்: முதலாவது 20, 25 செ.மீ அளவில் நின்றுகொள்ளும், ஜாவஸ் 50 செ.மீ தாண்டவும் கூடும். உங்கள் தொட்டியின் அகலமே 45 செ.மீ. மீன் திரும்ப வேண்டாமா?

கடையில் பார்த்த மஞ்சள் மீன் சிகானஸ் வல்பினஸ். அது நம் கடலில் இல்லை, மேற்குப் பசிபிக், இந்தோனேசியா பிலிப்பைன்ஸ் பக்கம். அது 24 செ.மீ போல வரும். அதற்கே ஆறடித் தொட்டி, 450 லீற்றருக்கு மேல் என்றுதான் வளர்க்கிறவர்கள் சொல்வார்கள். உங்களுடையது அதில் பாதி.

மற்ற மீன்களை அது ஒன்றும் செய்யாது. முள் குத்துவதற்கு இல்லை, தன்னைக் காக்க. பெரிய மீன்கள்கூட ஓராவிடம் வாலாட்டுவது குறைவு.

மூன்றடி ராஜா:
இந்த ஆறடி நாலடிக் கதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் எழுதி வைத்தது. நான் மூன்றடித் தொட்டியில் மூன்று ஓரா எட்டு மாதம் வைத்திருந்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை. பாசி ஒரு கிழமையில் சுத்தம். பயப்படாமல் பிடித்துப் போடு மச்சான்.

பாலமீன்மடு:
எட்டு மாதத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று ராஜா அண்ணன் சொல்லவில்லையே :)

நான் மீன்பிடிக் குடும்பம், தொட்டி வைத்து மூன்று வருடம். முள்ளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லாரும் "விஷம்" என்று ஒற்றைச் சொல்லில் கடந்து போகிறார்கள். முதுகில் 13, அடிப்பக்கத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு இரண்டிலும் இரண்டு இரண்டாக 4. மொத்தம் 24 முள். எல்லாமே குத்தும். அப்பா வலையில் ஓரா கழற்றும்போது கதைக்கவே மாட்டார், அவ்வளவு கவனம். ஒருநாள் விரல் நுனியில் ஏறிவிட்டது. முள் போன இடம் கடுகளவுகூட இல்லை, ஆனால் வலி முழங்கை வரை ஏறி, நாற்பது வருடம் கடலுக்குப் போன மனுசன் தோணி அணியத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். உயிருக்கு ஆபத்தான விஷம் இல்லை. அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். அதனால் கை தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணியில், 45 பாகைக்குக் கிட்ட, அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் கையை வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்காதீர்கள், அது மரத்துப் போயிருக்கும், வெந்தாலும் தெரியாது. மற்றக் கையால் பாருங்கள். முள் துண்டு உள்ளே முறிந்திருந்தால், மூச்சு முட்டினால், வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, செத்த ஓராவும் குத்தும். அம்மா வெட்டுவதற்கு முதல் கத்தரிக்கோலால் முள்ளையெல்லாம் நறுக்கிவிட்டுத்தான் தொடுவார்.

தொட்டியில் இருக்கும் ஓராவை ஒருநாளும் வலையால் பிடிக்காதீர்கள். முள் வலைக்கண்ணில் மாட்டும், நீங்கள் கழற்றக் கை வைப்பீர்கள், மறுகா சுடுதண்ணிதான். ஐஸ்கிரீம் டப்பா மாதிரி ஒன்றை உள்ளே சரித்து வைத்து, மெல்ல ஓட்டி உள்ளே எடுத்து, தண்ணியோடு தூக்க வேண்டும்.

மூன்றடி ராஜா:
எட்டு மாதத்துக்குப் பிறகு ஒன்று பாய்ந்து வெளியே விழுந்து செத்தது. மற்ற இரண்டும் ஒன்றையொன்று துரத்தி, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதையும் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் பாசி போனது உண்மை.

மருதமுனை நானா:
அதைத்தான் முதலே சொல்லியிருக்கலாம் ராஜா.

குஞ்சில் கூட்டமாகத் திரியும் மீன் வளர்ந்த பிறகும் அப்படியே ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். சில இனம் சோடியாகப் பிரிந்துவிடும், இடம் காணாவிட்டால் ஒன்றோடொன்று முள்ளை நிமிர்த்திக்கொண்டு சண்டை. சின்னத் தொட்டிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மூடியும் வேண்டும். நைலோன் வலைச்சட்டம் போதும், கண்ணாடி மூடி போட்டால் நம் வெயிலுக்குத் தொட்டி அவிந்துவிடும்.

உப்புக்கணக்கு:
எல்லாரும் மீனைப் பற்றியே கதைக்கிறீர்கள். கல்லடிக்கரை தம்பி, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? எப்போது எடுக்கிறீர்கள்? உங்கள் பாசிக்கு மூலகாரணம் அதுதான் என்பது என் சந்தேகம்.

கல்லடிக்கரை:
கல்லடிக் கடற்கரையில்தான் அண்ணன், விடியப்புறம் இரண்டு கானில் அள்ளி வருவேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை. கடைசியாக எடுத்தது மார்கழியில்.

உப்புக்கணக்கு:
அங்கேதான் பிழை. ஐப்பசி கடைசியில் இருந்து தை வரைக்கும் நம் கரையில் அள்ளுவது பாதிக் கடல்தான். மாரி பெய்து, வயல் தண்ணியெல்லாம் ஆற்றோடு வாவிக்கு வந்து, முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் அத்தனையும் கரையோரமாகத்தான் போகும். நிறத்தைப் பார்த்தாலே தெரியும், தேத்தண்ணி மாதிரி. ஒரு மார்கழி நான் கரையில் அளந்தேன், உப்பு ஆயிரத்துக்கு 22 காட்டியது. தொட்டிக்குத் தேவை 35. உப்புக் குறைவதுகூடப் பரவாயில்லை, அளந்து கூட்டிவிடலாம். வயல் உரம் கரைந்து வரும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும்தான் ஆபத்து. இரண்டு கிழமைக்கு ஒருமுறை உங்கள் பாசிக்கு நீங்களே யூரியா போட்டிருக்கிறீர்கள்.

நான் செய்வது: பங்குனி, சித்திரையில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாட்களில், ஆற்றுவாயில் இருந்து தள்ளி, தோணிக்காரரிடம் சொல்லிக் கரைக்கு வெளியே இருந்து எடுப்பிப்பேன். நீலப் பரலில் ஊற்றி, மூடி, வெளிச்சம் படாமல் இரண்டு கிழமை வைத்தால் அழுக்கு அடியில் இறங்கிவிடும், மேல்தண்ணியை மட்டும் எடுப்பேன். மாரிக்குக் காணாவிட்டால் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் பைக்கற் உப்புக் கரைப்பேன். செலவுதான், ஆனால் பாசி பிடுங்கும் வேலை இல்லை.

கச்சான் காற்றுக் காலத்துக்கும் ஒரு சொல். வைகாசியில் இருந்து அந்தக் காற்று அடித்தால் வீட்டுக்குள்ளேயே தொட்டி 32 பாகை போகும். தண்ணியைக் குளிராக்கும் சில்லர் வாங்க எல்லாருக்கும் ஏலாது. தண்ணிக்கு மேல் ஒரு சின்ன ஃபேன் பிடித்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் ஒரு நாளைக்கு நாலு லீற்றர் ஆவியாகப் போகும், அதற்குப் பதிலாகக் கடல்தண்ணி ஊற்றக் கூடாது. ஆவியில் உப்புப் போகாது. முதல் வருடம் இது தெரியாமல் கடல்தண்ணியையே ஊற்றி ஊற்றி 40க்கு ஏற்றி, இரண்டு மீன் போய்விட்டது. உப்பில்லாத ஆர்ஓ வடிகட்டித் தண்ணிதான் ஊற்ற வேண்டும்.

காயங்கேணிக்காரன்:
பாசி இல்லாத நல்ல கல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் பக்கம் உயிருள்ள பவளக்கல்லே எடுத்துத் தரலாம்.

மட்டுறுத்துனர்:
மேலே உள்ள பதிவை நீக்காமல் வைத்திருக்கிறேன், பதில் எல்லாருக்கும் தெரியட்டும் என்று. உயிர்ப்பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். காயங்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்த இழையில் பவளம், கடற்கல் கொடுக்கல் வாங்கல் கதை இனி வேண்டாம். கடையில் கிடைக்கும் உலர்ந்த கல், சுட்ட ஓட்டுக்கல் போதும், ஆறு மாதத்தில் அதுவே உயிர் பிடிக்கும்.

கல்லடிக்கரை:
நன்றி எல்லாருக்கும். தண்ணியை மாற்றினேன், பைக்கற் உப்புதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்ட வேண்டாம். மாமா நேற்று ஒரு ஓராக்குஞ்சை வாளியோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். "உனக்காகப் பிடிச்சன் மனே" என்கிறார், எப்படித் திருப்பிக் கொடுப்பது? இன்னும் பிரதான தொட்டியில் விடவில்லை. என்ன செய்ய?

பாலமீன்மடு:
மாமாவின் அன்புக்கு மருந்து கிடையாது.

நேரே விடாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். வேறு ஒரு தொட்டியில், இல்லாவிட்டால் ஐம்பது லீற்றர்ப் பெட்டியில், ஏர் பம்பும் ஒரு துண்டு பிவிசி குழாயும் போட்டு வையுங்கள். குழாய் ஒளிய. ஆறு கிழமை. கடல் மீன் வெண்புள்ளி நோயைக் காவி வரும், ஓராவுக்கு அது லேசில் தொற்றும். புள்ளி தெரிந்தால் செப்பு மருந்து அந்தப் பெட்டியில் மட்டும், சோதனைக் கருவியால் அளந்துகொண்டு. பிரதான தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் இறாலும் நத்தையும் செத்துவிடும். அந்தப் பெட்டியின் வலை, குழாய், வாளி எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

அம்மோனியாவை ஒன்றுவிட்ட ஒருநாள் பாருங்கள். நாள் முழுக்க மேயும் மீன், மேய்ந்ததெல்லாம் கழிவாக வெளியே வரும். சின்னப் பெட்டி கெதியாகக் கெட்டுவிடும்.

கல்லடிக்கரை:
அவசரம்! இரவு பதினொரு மணிக்குத் தண்ணி குடிக்க எழும்பி லைட்டைப் போட்டேன், மீன் குழாயோரம் சரிந்து கிடக்கிறது, உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக, பூஞ்சணம் பிடித்த பாண் மாதிரி. பகலில் நன்றாகத்தான் இருந்தது. செத்துக்கொண்டிருக்கிறதா?

மருதமுனை நானா:
நித்திரை கொள்கிறது. லைட்டை அணைத்துவிட்டு நீரும் படுத்துக்கொள்ளும்.

மருதமுனை நானா:
காலையில் நிதானமாக எழுதுகிறேன். ஓரா இரவில் நிறம் மாற்றும், பயந்தாலும் மாற்றும். கல்லோடு கல்லாகத் தெரிய அந்தத் திட்டு. என் வீட்டில் முதல் தடவை பார்த்த அன்று மனைவி "மீன் மௌத்தாகிவிட்டது" என்று குழறி, நான் வெளியே எடுக்கக் கை வைக்க, அது விழித்து முள்ளை விரித்தது. அல்லாஹ் காப்பாற்றினான். வெளிச்சத்துக்கு வந்து ஐந்து நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வந்தால் சுகமான மீன். பகலிலும் அந்தத் திட்டோடே ஒரு மூலையில் நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

உப்புக்கணக்கு:
சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? பெட்டியில் பாசி இருக்காதே.

கல்லடிக்கரை:
காலையில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது நானா, நன்றி. சாப்பாட்டுக்கு க்ளவுனுக்குப் போடும் உருண்டையைத்தான் போடுகிறேன். ஒன்றிரண்டைக் கடித்துத் துப்புகிறது.

பாலமீன்மடு:
அது மாட்டுக்குக் கருவாடு போட்ட மாதிரி. ஓராவுக்கு இலைதழைதான் சோறு. அந்த மழுங்கின முகமும் சின்ன வாயும் கொறிப்பதற்கென்றே அமைந்தது, முயல்மீன் என்று வெள்ளைக்காரன் சும்மாவா பேர் வைத்தான். சூஷி சுற்றும் நோரித் தாள் கொழும்புப் பெரிய கடைகளில் கிடைக்கும், உப்பும் மசாலாவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடினால், பாறையில் பிடிக்கும் பச்சை இலைப்பாசி, கஞ்சிப்பாசி, இரண்டையும் நன்றாக அலசி, ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்க விடுங்கள். கழிவுக்கான் வந்து விழும் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள்.

மருதமுனை நானா:
நோன்புக்குக் கடப்பாசி காய்ச்சுகிறோமே, அதன் பூர்வீகமும் இந்தக் கஞ்சிப்பாசிதான். பேரப்பிள்ளை (எங்களில் தாத்தாவைத்தான் அப்பா என்பார்கள்) கேட்டான், "அப்பா, மீனுக்கும் நோன்பு துறக்கவா?" என்று.

அது கிடக்க, ஓராவைப் பட்டினி போட்டால் பவளம் வைத்திருப்பவர்களுக்கு நட்டம். பசித்த ஓரா பவளத்தில் வாய் வைக்கும். தம்பியிடம் பவளம் இல்லாததால் தப்பினார்.

கல்லடிக்கரை:
நாலு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆறு கிழமை முடிந்து பிரதான தொட்டிக்கு விட்டேன். முதல் இரண்டு நாள் கல்லுக்குப் பின்னால். மூன்றாம் நாள் கண்ணாடிக்குக் கிட்ட இருந்து பார்த்தேன். முத்துப்பாசி ஒன்றை உதட்டால் பிடித்து, தலையை ஒரு பக்கம் வெட்டித் திருப்பி, பக்கென்று பறித்து எடுத்தது. இரண்டு மெல்லு, கொஞ்சம் துப்பல், அடுத்தது. பத்துப் பதினைந்து நாளில் கல் வெளுத்துவிட்டது. சிவப்புச் சளிப்பாசியை மட்டும் தொடவே இல்லை.

ஆனால் நீங்கள் எல்லாரும் சொன்னதுதான் நடந்தது. இரண்டு அங்குலம் இருந்தது இப்போது கையை விரித்து வைத்தால் பெருவிரலில் இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். தொட்டியின் ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தத்துக்கு இரண்டே வீச்சு, திரும்பு, மறுபடி இரண்டு வீச்சு. நாள் முழுக்க இதுதான். நான் அறைக்குள் வந்தாலே கண்ணாடியில் போய் முட்டுகிறது. போன கிழமை எங்கள் பக்கம் ஆறு மணி நேரம் கரண்ட் போனது, க்ளவுன் இரண்டும் சும்மா இருந்தன, இதுதான் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் ஒரு கோப்பையால் தண்ணியை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு விடியும் வரை இருந்தேன்.

உப்புக்கணக்கு:
பற்றரி ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கலாமா தம்பி? 2022 பங்குனியில் பதின்மூன்று மணி நேரம் கரண்டை வெட்டிய காலத்தில் இங்கே எத்தனை பேருடைய தொட்டி வெறுமையானது. பழைய பைக் பற்றரி, ஒரு சின்ன இன்வேட்டர், ஒரு பம்ப், காணும். சூடு ஏற ஏறத் தண்ணியில் ஒட்சிசன் குறையும், மீன் பெருக்கப் பெருக்கத் தேவை கூடும், இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் கோப்பையால் ஊற்றிக் காணாது.

மூன்றடி ராஜா:
திரும்ப வாவியில் விட்டுவிடு மச்சான், வந்த இடத்துக்கே போகட்டும்.

பாலமீன்மடு:
வேண்டாம். அது இப்போது வந்த மீன் இல்லை. கடையில் வாங்கிய க்ளவுனோடு மாதக்கணக்கில் ஒரே தண்ணியில் கிடந்திருக்கிறது. அந்தக் க்ளவுன் எந்த நாட்டு நோயைக் காவிக்கொண்டு வந்தது என்று யாருக்குத் தெரியும். வாவிக்குள் ஏற்கெனவே திலாப்பியா விட்டு அனுபவிக்கிறது காணாதா?

மருதமுனை நானா:
கல்லடிக்கரை, தனிமடல் பாரும். என் ஆறடித் தொட்டியில் இப்போது ஒரு டாங் மீன் மட்டும்தான். ஞாயிறு வாரும், வரும்போது பெரிய மூடி வாளி ஒன்று.

கல்லடிக்கரை:
கொடுத்துவிட்டேன். பிடிக்கத்தான் மூன்று மணி நேரம். பகலில் டப்பாவைக் கண்டாலே கல்லுக்குள் போய் முள்ளைக் குத்தி இறுக்கிக்கொண்டது. பாலமீன்மடு அக்காவிடம் கேட்டேன், இரவில் நித்திரையில் பிடி என்றார். லைட்டை அணைத்து, ஒரு மணி நேரம் பொறுத்து, சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச்சோடு போனால் மூலையில் திட்டுத்திட்டாகச் சரிந்து கிடந்தது. டப்பாவை முன்னால் சரித்து, பின்னால் மரக்கரண்டியால் மெதுவாகத் தட்ட, தானே உள்ளே போய்விட்டது. மாமா பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார், தேவைப்படவில்லை, அதில் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம்.

நானா வீட்டில் ஒரு மணி நேரம் தண்ணியைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து விட்டோம். அந்த டாங் ஒருமுறை பாய்ந்து வந்தது, இது முதுகு முள்ளை நிமிர்த்தியது, டாங் திரும்பிப் போய்விட்டது.

மருதமுனை நானா:
இப்போது நோரித் தாளுக்கு இரண்டும் சண்டை. என் கண்ணாடியில் பாசி இல்லை, பேரன் அதற்குத் தன் பாட்டியைக் கூப்பிடும் "வாப்பும்மா" என்ற பேரையே வைத்திருக்கிறான், எப்போதும் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறதாம். மனைவி இன்னும் சிரிக்கவில்லை.

உப்புக்கணக்கு:
கல்லடிக்கரை, ஓரா போன பிறகு உங்கள் பாசி எப்படி?

கல்லடிக்கரை:
சிவப்புச் சளி போய்விட்டது, நைத்திரேற்று இறங்கியிருக்கிறது. நேற்று பின்பக்கக் கல்லைத் தூக்கிப் பார்த்தேன், கீழே பச்சையாக மூன்று முத்து. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.